ஹட்டன்ல பொடிக்கடை: போர்டுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு, பேர் கிடைக்கல!

காரைக்குடிப் பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். கல்யாணமாகி இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கம் வந்து ஏழு மாசம் ஆகுது. சாம்பார்ப்பொடி, ரசப்பொடி, எலுமிச்சை ஊறுகாய் செஞ்சு விக்கலாம்னு இறங்கிட்டேன். 'காரைக்குடி கைமணம்'னு பேர் வச்சு 500 ஸ்டிக்கர் அடிச்சாச்சு, போர்டு எழுதுறவருக்கு அட்வான்ஸும் குடுத்தாச்சு. நேத்து பிஸ்னஸ் நேம் எடுக்க டிஎஸ் ஆபீஸ் (பிரதேச செயலகம்) போனா, ஃபாரத்தைப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்க. காரணம் சிங்களத்துல சொன்னாங்க, 'நம' மட்டும்தான் காதுல விழுந்துச்சு. பேருன்னுதானே அர்த்தம்? பொங்கலுக்குத் திறக்கணும், பத்து நாள்தான் இருக்கு. என்ன பேர் வைக்கட்டும்? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ், ராத்திரி தூக்கமே இல்ல.

நுவரெலியா திருச்சிக்காரன்:
ஏழு மாசத்துல கடையா! நான் வந்தப்ப முதல் மூணு மாசம் கம்பளிக்குள்ளயே கிடந்தேன். ஜூன் மழை. துவைச்ச சட்டை நாலு நாள் காயாது, கடைசியில அடுப்பு மேல கயிறு கட்டித்தான் காயப்போட்டோம். சாப்பாட்டுல புளி கம்மி, குடம்புளி மாதிரி கோரக்காதான். அழுகையே வந்துச்சு. பேரெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் தங்கச்சி. இங்க பொடி கட்டி தட்டும், அதை முதல்ல பாருங்க. வறுத்து நல்லா ஆறினதும் அரைச்சு, அன்னைக்கே பையில போட்டு சீல் வச்சிடுங்க.

கொட்டகலை மருமகள்:
டிஎஸ் ஆபீஸ்ல அலையாதீங்க. கம்பனியா பதிஞ்சிடுங்க. கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்துல ஆன்லைன்லயே பேர் தேடிப் பாக்கலாம். 'நெஷனல்', 'கோப்பரேட்டிவ்' மாதிரி சொல் மட்டும் பேர்ல வேணாம், தனி அனுமதி கேப்பாங்க.

பண்டாரவளை பேக்கரி:
ரெண்டு கிலோ ரசப்பொடிக்கு எதுக்கு கம்பனி? செக்ரட்டரி வைக்கணும், வருஷா வருஷம் ரிட்டர்ன் போடணும். சொந்த முழுப்பேர்லயே வியாபாரம் பண்ணினா பிஸ்னஸ் நேம் பதிவே தேவையில்ல. 1918ம் வருஷச் சட்டத்துலயே அப்படித்தான் இருக்கு. ஒரு சொல் கூடச் சேர்த்தா மட்டும்தான் பதியணும்.

கொட்டகலை மருமகள்:
அண்ணே, முழுப்பேரை ஸ்டிக்கர்ல போட்டா பொடி எழுத இடம் இருக்காது. உங்க பேக்கரிக்கு அப்படியா வச்சிருக்கீங்க?

கோத்தகிரி ரிட்டர்ன்:
பேர்னதும் எனக்கு வேற ஞாபகம் வருது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல அப்பாவைக் குடும்பத்தோட நீலகிரிக்கு அனுப்பினாங்க. அங்க எங்களுக்குப் பேரு 'சிலோன்காரன்'. இப்ப மாமா வீட்டோட இங்க வந்து இருக்கேன், இங்க 'இந்தியாக்காரன்'. இதுல என்ன வேடிக்கைன்னா, இங்கயே பொறந்து வளர்ந்த சனத்தைத்தான் சென்சஸ்ல 'இந்தியத் தமிழர்'னு எழுதி வச்சாங்க.

பண்டாரவளை பேக்கரி:
1948ல தோட்டத்துத் தமிழருக்குப் பிரஜாவுரிமை போச்சு, அதோட பேரோட எழுத்தும் போச்சு. தோட்டத்துல பேர் பதிஞ்சவர் காதுல விழுந்ததை எழுதினார். எங்க தாத்தா ஒருத்தர்தான், மூணு கடுதாசியில மூணு பேர்.

டிக்கோயா மாஸ்டர்:
போதும் பிள்ளைகளா, அந்தப் பிள்ளைக்குப் பொங்கல் வருது. மகள், நாலு விஷயம் நீங்க சொல்லவே இல்ல. ஃபாரத்துல உரிமையாளர்னு யார் பேர் எழுதினீங்க? உங்க கையில இருக்கிறது ஐ.சி.யா (இலங்கை அடையாள அட்டை), பாஸ்போர்ட்டா? பொடி அரைக்கிறது டவுன்லயா, தோட்ட வீட்டுலயா? அந்த ஆபீஸ் உங்க இடத்துக்கு உரியதுதானா?

காரைக்குடிப் பொண்ணு:
என் பேர்தான் சார். இந்தியன் பாஸ்போர்ட் நம்பர் எழுதினேன். இவரு வேலைக்குப் போயிட்டதால நான் மட்டும்தான் போனேன். அரைக்கிறது லயத்து வீட்டு அடுப்படியில. டவுன்ல ஒரு சின்ன ரூம் வாடகைக்குப் பேசியிருக்கோம்.

டிக்கோயா மாஸ்டர்:
அப்ப சிக்கல் கடைப் பேர்ல இல்ல. 'நம'ன்னு அவங்க சொன்னது உங்க பேரை. ஐ.சி. நம்பர் இல்லாம ஒரு ஆள் வியாபாரத்தைப் பதிய அங்க தயங்கத்தான் செய்வாங்க. கம்பனி வழியும் உங்களுக்கு லேசு இல்ல. சில்லறை வியாபாரத்துல வெளிநாட்டார் முதல் போடுறதுக்குப் பெரிய டொலர் வரம்பு வச்சிருக்காங்க. மருமகனை ஒருநாள் லீவு போடச் சொல்லி, அவர் பேர்லயே போடுங்க. அவர் ஐ.சி.யிலயும் பிறப்புச் சான்றிதழ்லயும் பேர் ஒரே எழுத்தான்னு இன்னைக்கே பாருங்க. பேக்கரித் தம்பி புலம்பினது இங்கதான் கடிக்கும்.

முகவரிக்கு டவுன் ரூமைக் குடுங்க, வாடகை ஒப்பந்தத்தைக் கையில வச்சுக்குங்க. லயத்து வீட்டுக்கு உறுதி (பத்திரம்) இருக்காது, தோட்டத்துரை (மேனேஜர்) கடிதம் இல்லாம நகராது. கிராம சேவகர் கையெழுத்தும் ரூம் இருக்கிற பிரிவுலதான் வாங்கணும். எந்த டிஎஸ் ஆபீஸ்னு அவரே சொல்வார். நகர சபை லைசன்ஸ் வேற, அது டிசம்பரோட முடியும், வருஷா வருஷம் புதுப்பிக்கணும். சாப்பாட்டுச் சாமான்ங்கிறதால பி.எச்.ஐ.யும் (சுகாதாரப் பரிசோதகர்) வந்து பாப்பார்.

இப்ப பேர். மாகாணத்துல பதிஞ்ச பிஸ்னஸ் நேமை வச்சு பேரைக் காப்பாத்த முடியாது. வேற மாகாணத்துல அதே பேரை இன்னொருத்தர் எடுக்கலாம். பூட்டு போடணும்னா கொழும்புல தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துல வர்த்தகக் குறியா (ட்ரேட்மார்க்) பதியணும். பத்து வருஷம் செல்லும், புதுப்பிச்சுக்கலாம். பொடி 30ம் வகுப்பு, ஊறுகாய் 29. தனித்தனியாக் காசு கட்டணும், அதனால முதல்ல பொடிக்கு மட்டும் போடுங்க. ஆனா 'காரைக்குடி'ங்கிறது ஊர்ப் பேர். வெறும் ஊர்ப் பேரையோ சாமானோட குணத்தையோ ஒருத்தருக்கு மட்டும்னு 2003 புலமைச் சொத்துச் சட்டம் லேசுல குடுக்காது. அதோட அரைக்கிறது ஹட்டன்ல, காரைக்குடிச் சரக்குன்னு ஆள் ஏமாறக் கூடாதே.

காரைக்குடிப் பொண்ணு:
சார், இவரு ஐ.சி.யில 'வேல்'னு இருக்கு, பிறப்புச் சான்றிதழ்ல 'வேலு'! நாளைக்கே ரெண்டையும் எடுத்துட்டு கிராம சேவகர்கிட்ட போறோம். இன்னொண்ணு, போர்டுக்காரர் சாம்பிள் காட்டினார். 'கைமனம்'னு ரெண்டு சுழி போட்டு எழுதி வச்சிருக்கார். கேட்டா, 'மனசோட சமைக்கிறதுதானேம்மா'ங்கிறார்.

கொட்டகலை மருமகள்:
அப்ப அந்தப் பேரை விட்டுடுங்க. 'அம்மி'ன்னு வைங்களேன். நமக்கு அரைக்கிற கல்லு, சிங்களத்துல பிள்ளைங்க அம்மாவைச் செல்லமா கூப்பிடுறது. போர்டுல எந்த மொழியில எழுதினாலும் சுழி மாறாது.

காரைக்குடிப் பொண்ணு:
ஐயோ, இது நல்லா இருக்கே! ஆனா 500 ஸ்டிக்கர்?

டிக்கோயா மாஸ்டர்:
முதல்ல அந்தப் பேர்ல வேற யாரும் பொடி விக்கிறாங்களான்னு தேடுங்க. டிஎஸ் ஆபீஸ் பதிவுலயும் பாருங்க, புலமைச் சொத்துலயும் பாருங்க. அதுவரைக்கும் போர்டுக்காரரை 'பொடிக்கடை'ன்னு மட்டும் எழுதச் சொல்லி, மேல இடம் விடச் சொல்லுங்க. ஸ்டிக்கரைப் பிரிக்காம வச்சா, பின்னாடித் தாள்ல விலை எழுதலாம்.