நாலு பேர் சேர்ந்து ஒரே எக்ஸ்எம்எல்லைத் திருத்தும்போது: எனக்கு நேர்ந்தவை

ஒரு வருடத்துக்கும் மேலாக ஒரு கையேட்டு எடிட்டரில் வேலை பார்த்தேன். பல பேர் ஒரே நேரத்தில் ஒரே ஆவணத்தைத் திருத்துவார்கள். ஆவணம் முழுக்க எக்ஸ்எம்எல், அதாவது உரையை <பத்தி> போன்ற டேக்குகளுக்குள் அடைத்து வைக்கும் வடிவம். வேலையெல்லாம் பிரவுசருக்குள்ளேயே நடக்கும். ஒருவரின் மாற்றத்தை வாங்கி மற்றவர்களுக்கு அனுப்புவதோடு சர்வரின் பங்கு சரி. இதில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். உங்களுக்கு நேர்ந்ததையும் சொல்லுங்கள்.

முதலில் எக்ஸ்எம்எல்லை வெறும் எழுத்துச் சரமாகத்தான் பகிர்ந்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பிரவுசரிலேயே உள்ள டாம்பார்சர் என்ற கருவியிடம் கொடுத்து, ஒவ்வொரு டேக்கும் ஒரு கணுவாகக் கிளைக்கும் மரமாக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தனியாகச் சோதித்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. இரண்டு பேர் உட்கார்ந்ததும் உடைந்தது. ஒரு வாக்கியத்தில் ஒருவர் இரண்டாம் சொல்லிலிருந்து நான்காம் சொல்வரை தடித்த எழுத்தாக்கினார். அதே நேரத்தில் இன்னொருவர் மூன்றிலிருந்து ஆறுவரை சாய்வாக்கினார். இரண்டு பேரும் தட்டிய எல்லாமே ஓர் எழுத்துகூட விடாமல் வந்து சேர்ந்தது. ஆனால் <தடிப்பு> திறந்து, உள்ளே <சாய்வு> திறந்து, </தடிப்பு> முதலில் மூடிவிட்டது. எக்ஸ்எம்எல்லில் டேக்குகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்க வேண்டும், குறுக்கே வெட்டக் கூடாது. எச்டிஎம்எல் என்றால் பிரவுசர் எப்படியாவது ஒப்பேற்றிக்கொள்ளும். எக்ஸ்எம்எல் 1.0 அப்படி விடாது, 1998-இல் வந்த நாளிலிருந்தே இதில் கறார்.

இதில் இன்னொன்றையும் கற்றுக்கொண்டேன். இப்படிப்பட்ட பிழை வந்தால் டாம்பார்சர் எக்செப்ஷன் (ஓட்டத்தை நிறுத்தும் பிழை அறிவிப்பு) எதையும் வீசாது. 'பார்சர்எரர்' என்ற கணுவை வைத்து ஓர் ஆவணத்தைத் திருப்பித் தரும். நான் எக்செப்ஷனைப் பிடிக்க மட்டுமே எழுதியிருந்ததால், அந்தப் பிழைச் செய்தியே ஆவணமாகச் சேமிக்கப்பட்டது. ஒருவருடைய அரைநாள் உழைப்பைப் பழைய பிரதியிலிருந்து மீட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது.

அப்புறம்தான் எழுத்தைப் பகிர்வதை விட்டு மரத்தைப் பகிர ஆரம்பித்தேன். ஒருவரின் மாற்றத்தை மற்றவரின் மாற்றத்துக்கு ஏற்பத் திருத்திச் சேர்க்கும் ஆபரேஷனல் டிரான்ஸ்பர்மேஷன் என்ற முறை 1989-இலிருந்தே இருக்கிறது. கூகுளின் பழைய கூட்டு எழுத்துச் சேவையான வேவ்கூட எக்ஸ்எம்எல் வடிவ ஆவணங்களின் மேல் அதைத்தான் வைத்தது. எங்கள் ஆட்கள் மணிக்கணக்கில் ஆஃப்லைனில் எழுதுவார்கள், அதனால், எந்த வரிசையில் இணைத்தாலும் ஒரே விளைவைத் தரும் சிஆர்டிடி என்ற தரவு வடிவத்தின் பக்கம் போனேன். அதற்கான ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ஒய்ஜேஎஸ்ஸில் எக்ஸ்எம்எல் கணுவுக்கென்றே தனி வகை உண்டு. தடிப்பு, சாய்வு போன்றவற்றைக் கணுவாக வைக்காமல் எழுத்தின் மேல் பண்பாக வைத்தேன், ஏற்றுமதி செய்யும்போது மட்டும் டேக்காக எழுதினேன். மேலே சொன்ன குறுக்கு வெட்டு அதோடு ஒழிந்தது.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தப் பதிவை எழுதவைத்தது. எல்லோரிடமும் ஒரே ஆவணம் வந்து நிற்கும் என்று சிஆர்டிடி உறுதி தருகிறது. அந்த ஆவணம் உங்கள் ஸ்கீமாவுக்கு (எதற்குள் எது வரலாம் என்ற விதித்தொகுப்புக்கு) பொருந்தும் என்று அது எங்கேயும் சொல்லவில்லை. எங்கள் ஸ்கீமாவில் ஒரு <பிரிவு> என்றால் அதில் குறைந்தது ஒரு <பத்தி> இருக்க வேண்டும். இரண்டு பத்திகள் இருந்த பிரிவில் ஒருவர் முதல் பத்தியை நீக்கினார், ஆஃப்லைனில் இருந்த இன்னொருவர் இரண்டாவதை நீக்கினார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சரியான திருத்தம். சேர்ந்ததும் பிரிவு காலி. இதற்காகவே நான் ஒரு பழுதுநீக்கும் நிரல் வைத்திருந்தேன்: பிரிவு காலியாக இருந்தால் வெற்றுப் பத்தி ஒன்றைச் சேர்க்கும். அது எல்லோருடைய பிரவுசரிலும் ஓடியது. மூன்று பேர் திறந்து வைத்திருந்தால் மூன்று வெற்றுப் பத்திகள். ஆவணம் வீங்கிக்கொண்டே போனது, காரணம் கண்டுபிடிக்கவே பல நாள் ஆனது.

இப்போது பழுதுநீக்கும் நிரல் பகிர்ந்த ஆவணத்தைத் தொடுவதே இல்லை. பிரிவு காலியாக இருந்தால் திரையில் மட்டும் ஒரு வெற்றுப் பத்தியைக் காட்டுவேன். யாராவது அதில் தட்டினால்தான் உண்மையான கணு உருவாகும். ஒரே பிரிவில் இரண்டு <தலைப்பு> வந்துவிட்டால் முதலாவதைத் தலைப்பாகக் காட்டி, மற்றதை நிறம் மாற்றிக் கீழே வைக்கிறேன். வரிசை எல்லோரிடமும் ஒன்றே என்பதால் யாருக்கும் வேறு மாதிரித் தெரியாது. எது வேண்டும் என்பதை ஆட்களே முடிவு செய்கிறார்கள்.

* * *

மறுமொழி 1

எங்களைப் படுத்தியது நகர்த்தல். பயனர் ஒரு பிரிவை இழுத்து வேறு இடத்தில் போடுகிறார். ஒய்ஜேஎஸ் மரத்தில் நகர்த்தலுக்கு நேரடி வழி இல்லாததால், பழைய இடத்தில் நீக்கிவிட்டுப் புதிய இடத்தில் ஒரு நகலைச் செருகினோம். இரண்டு பேர் ஒரே பிரிவை ஒரே நேரத்தில் இழுத்தபோது அது இரண்டு இடத்தில் முளைத்தது. அதைவிட மோசம், ஒருவர் இழுத்துக்கொண்டிருக்கையில் மற்றவர் அதே பிரிவுக்குள் எழுதியது நீக்கப்பட்ட பழைய கணுவோடு போய்விட்டது.

கடைசியில் அடுக்கை மரமாக வைப்பதையே விட்டோம். ஒவ்வொரு பிரிவும் ஓர் அடையாள எண்ணோடு தட்டையான மேப்பில் (எண்ணைக் கொடுத்தால் பிரிவைத் தரும் பட்டியலில்) இருக்கும். 'உன் பெற்றோர் யார், எத்தனையாவது இடம்' என்பது அதன் பண்பு. நகர்த்தல் என்றால் அந்தப் பண்பை மாற்றுவது மட்டுமே. ஆனால் 'அ' என்ற பிரிவை 'இ' என்ற பிரிவுக்குள் ஒருவரும், 'இ'யை 'அ'வுக்குள் இன்னொருவரும் போட்டால் வளையம் உருவாகி, இரண்டும் மரத்திலிருந்து கழன்றுவிடும். வரையும் முன் வளையம் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அடையாள எண்ணை 1, 2, 3 என்று கொடுக்காதீர்கள், ஆஃப்லைனில் இருக்கும் இரண்டு பேர் ஒரே எண்ணை எடுத்துவிடுவார்கள்.

* * *

மறுமொழி 2

தமிழில் தட்டுபவர்களுக்கு வந்த தொல்லையை நான் சொல்கிறேன். உள்ளீட்டுக் கருவி ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கும் நடுவில் வெளியிலிருந்து மாற்றம் வந்தால், எங்கள் நிரல் அந்தக் கணுவைப் புதிதாக வரைந்துவிடும். பாதி எழுத்து அப்படியே அறுந்துபோகும். 'கம்போசிஷன்' எனப்படும் அந்த எழுத்துச் சேர்ப்பு முடியும்வரை அந்தக் கணுவுக்கு வரும் மாற்றங்களை நிறுத்தி வைத்தோம், நின்றது.

கர்சரையும் கவனியுங்கள். 'கி' நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, ஜாவாஸ்கிரிப்டுக்கு நீளம் 2. ஒருவரின் கர்சர் ககரத்துக்கும் கொக்கிக்கும் நடுவில் போய் நின்று, அங்கே அவர் தட்டியது சொல்லையே சிதைத்தது. 'கொ' இன்னும் சிக்கல், அதன் குறியை ஒன்றாகவும் இரண்டு துண்டாகவும் எழுத முடியும், திரையில் வித்தியாசம் தெரியாது. உள்ளே வரும் உரையை எல்லாம் என்எஃப்சி என்ற ஒரே யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிடுகிறோம், கர்சர் நிற்கும் எல்லையை, ஜாவாஸ்கிரிப்டில் எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் இன்டல் செக்மென்டரிடம் கேட்டுக்கொள்கிறோம்.

* * *

முதல் பதிவர்

நகர்த்தல் பற்றிச் சொன்னதற்கு மிக்க நன்றி, அடுத்து நான் செய்ய இருந்ததே அதுதான். ஒன்று விட்டுப்போயிற்று. வெற்றுப் பத்தித் தொல்லைக்குப் பிறகு ஒரு சோதனை எழுதினேன்: மூன்று பிரதிகள், ஒவ்வொன்றிலும் தாறுமாறாக 200 திருத்தங்கள், அப்புறம் வெவ்வேறு வரிசையில் இணைப்பு. மூன்றும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், ஏற்றுமதியாகும் எக்ஸ்எம்எல்லை ஸ்கீமாவோடும் ஒப்பிடுகிறேன். முதல் ராத்திரி ஓட்டத்திலேயே, நீக்கப்பட்ட படத்தைச் சுட்டும் மேற்கோள் ஒன்று அநாதையாக நிற்பதைக் காட்டிக்கொடுத்தது. அதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவே இல்லை. வளையத்தையும் இன்றே அதில் சேர்த்துவிடுகிறேன்.