முடிச்சை வைத்து ஆளைச் சொல்ல முடியுமா?

வணக்கம். பாம்பனில் நடக்கும் ஒரு துப்பறியும் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன், பாதியில் நிற்கிறது. மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கும் நாட்கள், அப்போது ஒரு படகுக்காரர் கொலையாகிறார். பிணத்தின் கையைக் கட்டியிருந்த நைலான் கயிற்றைப் பார்த்ததுமே இன்ஸ்பெக்டருக்குப் பகீர் என்கிறது, சின்ன வயதில் தன்னோடு உட்கார்ந்து வலை பின்னிய கூட்டாளி போடும் முடிச்சு அது. போலீசிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் அந்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது, அதனால் முடிச்சுதான் பெரிய சாட்சி.

சரி, சந்தேகப்படும் ஆள் நண்பன் என்றால் இன்ஸ்பெக்டர் மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்து அந்த வழக்கிலிருந்து விலகலாமா? காவல்துறையில் இருந்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம் மண்டபம், பாம்பன் மீனவச் சொந்தங்களே, நீங்கள் முடிச்சு போடும்போது ஆளுக்கு ஆள் கைப்பழக்கம் மாறுமா? போட்டோ அனுப்பினால் இன்னும் நல்லது.