கலைச்சொல்: எண்டெமிக் – ஓர் ஏகாரம் போதுமா?

வணக்கம் ஐயா, குழுமத்தார் எல்லோருக்கும் வணக்கம்.

எண்டெமிக் (endemic) இனத்துக்கு, அதாவது ஓரிடத்தில் மட்டும் வாழ்ந்து வேறெங்கும் இல்லாத இனத்துக்கு, நீங்கள் முன்வைத்த ‘அகணிய உயிரி’யை இரண்டு நாளாக மனதில் போட்டுப் பார்த்தேன். விக்கிப்பீடியாவில் ஏற்கெனவே வழங்குகிறது, சொல்லவும் சுருக்கம். ஆனால் நான் மட்டக்களப்பில் தரம் 8 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். அகணி என்றால் புறணிக்கு எதிரான உட்பகுதி என்று முதலில் சொல்லைப் படிப்பித்துவிட்டுத்தான் உயிரினத்துக்கு வர வேண்டியிருக்கிறது. வந்த பிறகும் ‘உள்ளே இருப்பது’ என்பதோடு நின்றுவிடுகிறது. ‘வேறெங்கும் இல்லாதது’ என்ற பொருள் அதில் இல்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

அதே பொருளுக்கு எங்கள் இலங்கைப் பக்கத்தில் வழங்கும் ‘உள்நாட்டுக்குரிய’ இன்னும் சிக்கல். உள்நாட்டு இறைவரி, உள்நாட்டு விமான சேவை என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது வெளிநாடு போகாதது என்றே படும். போன தவணை ஒரு பிள்ளை கூழைக்கடாவை உள்நாட்டுக்குரிய பறவை என்று எழுதியிருந்தாள். பிழை போட்டேன். “குமணயில கூடு கட்டிக் குஞ்சு பொரிக்குதே சேர், பிறகேன் பிழை?” என்று கேட்டாள். குமணப் பறவைகள் சரணாலயத்தில் அவள் கண்டது உண்மை. குளிர்காலத்துக்கு வந்து போகிற உள்ளான்களைப் போல அல்ல, கூழைக்கடா இங்கேயே கூடு கட்டுகிறது. ஆனால் தமிழ்நாட்டில் கூந்தன்குளத்திலும் அதே கூழைக்கடாதான் கூடு கட்டுகிறது. இங்கேயும் வாழ்வதையும் இங்கே மட்டும் வாழ்வதையும் அந்தச் சொல் பிரித்துக் காட்டவில்லை. நான் போட்ட பிழையை வெட்டிவிட்டேன்.

இலங்கை தீவாக இருப்பதால் நாட்டு எல்லையும் நில எல்லையும் ஒன்றாகி, அந்தச் சொல் ஒருமாதிரித் தப்பித்துக்கொண்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் வரையாட்டுக்கு அதைச் சொன்னால் பாதிச் செய்திதான். எங்கள் மத்திய மலைநாட்டை விட்டு இறங்காத கொம்பு மூக்கு ஓணானுக்கும் அப்படியே.

நான் சொல்ல வருவது சின்ன விஷயம். ‘தீவுக்குரிய’, ‘தீவுக்கேயுரிய’. முதலாவது இயல்பாக இங்கே வாழும் எல்லா இனத்துக்கும், இரண்டாவது எண்டெமிக்குக்கு. தொல்காப்பிய இடையியல் ஏகாரத்துக்குச் சொல்லும் ஐந்து பொருள்களில் பிரிநிலையும் ஒன்று. மற்ற இடங்களையெல்லாம் பிரித்து விலக்குகிற வேலையை அந்த ஓர் எழுத்தே செய்துவிடுகிறது. இடப்பெயரை மாற்றினால் மலைக்கேயுரிய, வாவிக்கேயுரிய என்று எங்கேயும் பொருந்தும்.

காட்டுக்கோழியை வைத்துப் பாருங்கள். கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனியூழிக் காலங்களில் இந்தியாவும் இலங்கையும் ஒரே நிலமாக இருந்தன, யானையும் சிறுத்தையும் இரண்டு பக்கமும் உண்டு. அப்படியிருந்தும் அந்தக் கரையில் சாம்பல் காட்டுக்கோழி, இந்தக் கரையில் கொண்டை நடுவில் மஞ்சள் படிந்த எங்கள் காட்டுக்கோழி. அது தீவுக்கேயுரியது. அம்பாறையில் சேனநாயக்க சமுத்திரத்தில் திட்டுக்குத் திட்டு நீந்தும் யானையோ, இனமாகப் பார்த்தால் ஆசியாவுக்குரியது, அந்த இனத்துக்குள் ஒரு பிரிவான துணையினமாகப் பார்த்தால் தீவுக்கேயுரியது. இந்த இரண்டையும் ஒரே வசனத்தில் குழப்பமில்லாமல் சொல்ல முடிகிறதே, அதுதான் எனக்குப் பெரிய ஆறுதல்.

---

வணக்கம் ஆசிரியரே. ஏகார யோசனை பிடித்திருக்கிறது. இரண்டு ஐயங்கள். மலேரியா ஒரு வட்டாரத்தில் எண்டெமிக் என்கிறார்களே, அங்கேயும் இதே சொல்லா? அப்புறம், இது அடையாகத்தான் நிற்கிறது. பெயராக நிற்கச் சொல் வேண்டாமா? இங்கே ‘ஓரிடவாழ்வி’ என்று எழுதுபவர்கள் உண்டு.

---

ஐயா, மலேரியாவுக்கு இது கூடவே கூடாது. மருத்துவத்தில் அந்தச் சொல்லுக்கு ஓரிடத்தில் நீங்காமல் இருப்பது என்று மட்டுமே பொருள், அதே நோய் வேறிடத்திலும் இருக்கலாம். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக இங்கிருந்த காய்ச்சலைத் தீவுக்கேயுரியது என்றால் பொய்யாகிவிடும். ‘நிலைகொண்ட நோய்’ என்று தனியாக வைப்போம். ஆங்கிலத்தில் ஒரு சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை.

‘ஓரிடவாழ்வி’ பெயராக நன்றாகத்தான் நிற்கிறது. எனக்குள்ள தயக்கம், ‘ஓரிடம்’ என்றதும் ஒரு சின்ன மூலை நினைவுக்கு வருவது. காட்டுக்கோழி கரையோரக் காட்டிலிருந்து மலைநாடு வரை இருக்கிறது. சரி, பெயருக்கு அதை வைத்துக்கொண்டு, எந்த இடம் என்று சொல்லும்போது ‘கேயுரிய’ சேர்ப்போம்: ‘காட்டுக்கோழி ஓர் ஓரிடவாழ்வி, இலங்கைத் தீவுக்கேயுரியது.’ வகுப்பில் தொங்கும் படத்தின் கீழே நாளைக்கு இப்படியே எழுதுகிறேன். கூழைக்கடாவின் கீழே என்ன எழுத வேண்டும் என்று அந்தப் பிள்ளையிடமே கேட்கப்போகிறேன். அவள் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.