மலைப் படத்தில பிள்ளையின்ர முகம் தெரியேல்லை, என்ன செய்யலாம்?

சாவகச்சேரியான்:

வணக்கம். நாங்கள் பேர்ண் பக்கம் இருக்கிறம். மகளுக்கு எட்டு வயசு. இந்த மாசி லீவில முதன்முதலா ஸ்கீ ஸ்கூலில விட்டனாங்கள். எனக்கும் மனிசிக்கும் ஸ்கீ ஓடத் தெரியாது. கீழ நிண்டு தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு பாக்கிறதுதான் எங்கட வேலை.

பிரச்சினை படத்தாலதான். மேல ஒரு கம்பத்தில கமரா பூட்டிக் கிடக்கு. ஸ்கீ பாஸை, அதுதான் லிப்டில ஏறிற ரிக்கற் அட்டையை, காட்டினால் தானா ஒரு படம் எடுத்து இணையத்தில போடுது. வீட்டை வந்து பாஸ் நம்பரை அடிச்சு எடுக்கலாம். அது இலவசம். வெள்ளிக்கிழமை பிள்ளையளின்ர ரேஸிலயும் ஒரு ஆள் எடுத்தவர், அந்த ஒரு படத்துக்கு 35 பிராங் குடுத்தனான். எந்த மலை எண்டு கேக்காதேங்கோ, வீண் சண்டை வேண்டாம்.

ரெண்டையும் ஊரில அம்மாவுக்கு வட்ஸப்பில அனுப்பினன். “இது ஆர் மோனை?” எண்டு கேக்கிறா. ஹெல்மெற், பெரிய கண்ணாடி, மூக்குவரைக்கும் இழுத்த கழுத்துத்துணி, பிறகு ஆரெண்டு தெரியும்? கண்ணாடி கழட்டி நிண்ட கம்பத்துப் படத்திலயோ முகம் இருக்கிற இடத்தில ஒரு நிழல்தான் கிடக்கு. பக்கத்தில நிக்கிற சுவிஸ் பெடியனின்ர பல்லை எண்ணலாம். நான் எடுப்பம் எண்டால் 40 வீதம் சார்ஜ் இருந்த போன் மேல போய்ப் பத்து நிமிசத்தில செத்துப்போச்சு.

வாற சனி கிறின்டெல்வால்ட் போறம், பொட்மிப் பக்கம். அம்மாவுக்கு ஒரு முகம் தெரியிற படம் வேணும். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

லிப்ட்காரன்:

தம்பி, நான் அஞ்சு மாரிக்காலம் ஸ்கீ மலையில ஆக்களை மேல ஏத்திற லிப்டில வேலை செய்தனான். இந்தக் கேள்வியை எங்கட ஆக்கள் எத்தினை பேர் கேட்டிட்டினம்.

கமராவுக்கு உலகம் முழுக்க நடுத்தரச் சாம்பல் நிறம் எண்டு நினைப்பு. படம் நிறைய வெள்ளையாக் கிடந்தால், வெளிச்சம் கூடிப்போச்சு எண்டு தானாக் குறைச்சுப்போடும். பனி சாம்பலாகும், எங்கட முகம் இருட்டுக்குள்ள போகும். வெள்ளைக்காரப் பிள்ளை தப்பிவிடும், எங்கட பிள்ளை தப்பாது. கம்பத்துக் கமராவோட வாதாட ஏலாது. உங்கட போனோட ஏலும். முகத்தில விரலை அமத்திப் பிடியுங்கோ, ஐபோன் எண்டால் பக்கத்தில சின்னச் சூரியன் வரும், அதை மேல தள்ளுங்கோ. பனி கொஞ்சம் வெளுத்துப்போகும், போகட்டும். அம்மா கேட்டது பனியை இல்லைத்தானே.

பின்னுக்கு முழுக்கப் பனி வராமல் பாருங்கோ. கிறின்டெல்வால்டில உங்களுக்கு அதிஷ்டம். அங்க நிக்கிற ஐகர் மலை 3967 மீற்றர், அதின்ர வடக்குச் சுவர் மாரியில வெயில் பெரிசாப் படாமல் கறுத்துப்போய் நிக்கும். அதைப் பின்னால விட்டு எடுத்தால் கமராவே முகத்துக்கு வெளிச்சம் கூட்டும். கிட்டப் போய் நெஞ்சுக்கு மேல எடுங்கோ. ஸ்கீயும் தடியும் முழுசாத் தெரியவேணும் எண்டு தூரப் போறதாலதான் எல்லாரும் எறும்பு மாதிரி வருகினம்.

போன் சாகிறது குளிரால. லிதியம் பற்றரி குளிரில கரண்டைக் குடுக்கச் சிரமப்படும், போன் பயந்து நிண்டுபோகும். ஐபோனை 0 பாகையில இருந்து 35 பாகைக்குள்ள பாவிக்கச் சொல்லித்தான் அப்பிளே எழுதியிருக்கு. உள்சட்டைப் பொக்கற்றில, உடம்புச் சூட்டில வையுங்கோ. செத்தாலும் சூடாக்க எழும்பும். ஸ்கீ பாஸோட ஒரே பொக்கற்றில மட்டும் வைக்காதேங்கோ. பாஸுக்குள்ள பற்றரி இல்லை, சின்னச் சிப்பும் சுருள் கம்பியும்தான், கேற்றில இருந்து வாற 13.56 மெகாஹேர்ட்ஸ் அலையிலதான் அது உயிர் பெறும். போன் இடையில நிண்டால் கேற் திறக்காது. பிறகு பின்னால நிக்கிற சனம் என்னைப் பேசும்.

ராசன்_கனடா:

நாங்கள் இங்க கனடாவில விஸ்லர் ஸ்கீ மலைக்குப் போனதில ஒரு விசயம். அந்த மலையை நடத்திற Vail Resorts கொம்பனிக்காரரின்ர எபிக்மிக்ஸ் எண்ட செயலி அப்ப இருந்தது. 2010 இல தொடங்கினது. பாஸை வைச்சே எத்தினை லிப்ட், எவ்வளவு உயரம் எண்டெல்லாம் சொன்னது. என்ர பெடியன் அந்தக் கணக்குக்காகவே ஓடினவன். மனிசிக்கு எண்டால் ரெண்டு மலைக்கு நடுவில கம்பியில ஓடுற பீக் டு பீக் கொண்டோலாப் பெட்டிக்குள்ள இருந்து எடுத்த படம் போதும், 436 மீற்றர் உயரத்தில தொங்கிக்கொண்டு சிரிக்கிறா. ஜன்னல் கண்ணாடியில போனை ஒட்டிப் பிடிச்சு எடுங்கோ, இல்லாட்டில் உங்கட ஜக்கெற்தான் தெரியும்.

சுவிசில ஸ்கீலைன் தளத்தைப் பாத்தனீங்களோ? பாஸ் நம்பர் போட்டால் அதுவும் உயரமீற்றர் காட்டும்.

கீதா_தூண்:

சாவகச்சேரியான் அண்ணை, ஒண்டு. பக்கத்தில நிக்கிற பெடியனை வெட்டிப்போட்டு அனுப்புங்கோ. போன வருசம் நான் ஸ்கீலாகர், அதுதான் பிள்ளையளின்ர ஸ்கீ முகாம், படம் ஒண்டை ஸ்ரேற்றஸில போட்டு, மற்றப் பிள்ளையின்ர தாய் எனக்கு நேர போன் எடுத்தவ. மரியாதையாத்தான் கதைச்சவ, அதுதான் கூட வெக்கம்.

சாவகச்சேரியான்:

எல்லாருக்கும் நன்றி. சனி போய் வந்திட்டம். போனை நெஞ்சுக்குள்ள வைச்சிருந்தன், பின்னேரம் நாலு மணிவரைக்கும் நிண்டுது. வாங்கில ஏத்தி நிப்பாட்டி, கண்ணாடியை ஹெல்மெற்றுக்கு மேல தள்ளி, கழுத்துத்துணியை இறக்கி, ஐகரைப் பின்னால விட்டு, சூரியனை மேல தள்ளி எடுத்தன். கையுறை கழட்டின விரல் விறைச்சுப்போச்சு, பதினாலு படத்தில ஒண்டு சரி வந்தது. கன்னம் சிவந்து, முன்பல்லு விழுந்த இடைவெளிகூடத் தெளிவாத் தெரியுது.

அம்மா ரெண்டு நிமிசத்தில குரல் அனுப்பினவ: “மூக்கைத் துடைச்சுப்போட்டு எடுத்திருக்கலாமே, மோனை.”