பதினைந்து, பதினாறு வயதில் கஞ்சாவைத் தொட்டவர்கள், உங்கள் ஞாபகசக்தி இப்போது எப்படி இருக்கிறது?

கரிசல்காடு:

போன வாரம் பரணில் துழாவும்போது என் பிளஸ் டூ வேதியியல் நோட்டு கிடைத்தது. கையெழுத்து என்னுடையதுதான், ஓரத்தில் நானே போட்ட சந்தேகக் கேள்விகளும் இருக்கின்றன, ஆனால் எழுதிய நினைவு துளி கூட இல்லை. வருஷம் ஆகிவிட்டது, மறந்திருக்கும் என்பீர்கள். எட்டாவதில் படித்த குறள் இன்றும் வரிசையாக வருகிறதே! பதினொன்றும் பன்னிரண்டும் மட்டும் கரையான் அரித்த மாதிரி இருக்கிறது.

பத்தாவது லீவில் ஆரம்பித்தேன். கண்மாய்க்கரை, நாலு பேர், ஒரு பொட்டலம். முதலில் சனிக்கிழமை மட்டும், அப்புறம் தினமும் ட்யூஷனுக்கு முன்னால். அந்தச் சமயத்தில் அம்மா கடைக்கு அனுப்புவார், துவரம்பருப்பு, பெருங்காயம், சீயக்காய், மொத்தமே மூன்று சாமான். அண்ணாச்சி "என்ன தம்பி வேணும்?" என்று கேட்கும்போது பருப்பு மட்டும் நிற்கும், மற்ற இரண்டும் போயே போச்சு. மறதி என்றால் இருந்த ஒன்று தொலைவது என்றுதான் நினைத்திருந்தேன். இது வேறு. பழசு எதுவும் தொலையவில்லை, புதுசுதான் உள்ளே இறங்கவே இல்லை.

பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது: மூளையே சுரக்கும் ஒரு பொருள் உண்டு, 1992-ல் கண்டுபிடித்தவர்கள் அதற்கு நம்மூர் 'ஆனந்த'த்தை எடுத்து ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். அது போய் உட்காரும் இடங்களில்தான் கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி-யும் போய் உட்காருகிறது. புது நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியில் அந்த இடங்கள் நெருக்கமாக இருக்கின்றன. எனக்கு அண்ணாச்சி கடை வாசல்தான் ஞாபகம் வந்தது.

பத்தொன்பதில் விட்டேன். ஏன், எப்படி என்பது பெரிய கதை, இங்கே வேண்டாம். நீங்கள் சொல்லுங்கள்.

டியூப்லெஸ்:

அண்ணே, நான் குடித்ததில்லை, ஆனால் பார்த்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் அப்பாவின் பஞ்சர் கடை. டியூப் ஒட்டுகிற சொல்யூஷனைக் கேட்டுப் பையன்கள் வருவார்கள், பன்னிரண்டு பதின்மூன்று வயசுதான் இருக்கும், கையில் சைக்கிளும் இருக்காது டியூபும் இருக்காது. துணியில் ஊற்றி மூக்கில் வைத்து இழுப்பார்கள். அதில் ஒருத்தன் கடையில் எடுபிடி வேலை பார்த்தவன், கெட்டிக்காரன், மனக்கணக்காகவே சில்லறை சொல்லுவான். ஒரு வருஷம் கழித்து அவனிடம் "பத்தொன்பது நம்பர் ஸ்பேனர் எடு" என்றால் பெட்டி வரைக்கும் போய் நின்று திரும்பி எங்களைப் பார்ப்பான். கையும் நடுங்கும். பசியில் அப்படி நிற்கிறான் என்று நினைத்து அப்பா இட்லி வாங்கிக் கொடுத்தார், பாவம், அவருக்கும் தெரியாது.

இந்த மாதிரிப் பசைகளில் இருக்கிற டொலுவீன் என்ற ரசாயனம் கொழுப்பைக் கரைக்கும் சரக்கு. நரம்பைச் சுற்றி இருக்கிற உறையும் கொழுப்புதானே, வயரில் ரப்பர் உரிந்தால் என்ன ஆகுமோ அதுதான். 2019-ல் வந்த மத்திய அரசுக் கணக்கெடுப்பில் ஒன்று கவனித்தேன்: 10 முதல் 17 வயது வரை இப்படி இழுப்பவர்கள் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58 தான். மற்ற போதைகளில் எல்லாம் பெரியவர்கள் முன்னால் நிற்கிறார்கள், இதில் மட்டும் பிள்ளைகள். விலை குறைவு, பெட்டிக்கடையிலும் கிடைக்கும், போலீஸும் பிடிக்காது. அப்புறம் அப்பா டியூபும் சைக்கிளும் காட்டினால்தான் சொல்யூஷன் கொடுப்பது என்று ஆக்கினார், வியாபாரம் கொஞ்சம் அடிபட்டது.

நெல்லைச்சீமை:

எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள். நானும் பதினாறிலிருந்து நாலைந்து வருஷம் அடித்தவன்தான். இன்று ஐடியில் நல்ல வேலை, டீம் லீட். என் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. சும்மா எல்லாப் பழியையும் கஞ்சா தலையில் போடாதீர்கள், படிக்காதவன் எப்படியும் படிக்க மாட்டான்.

மனநலத்துறையில் ஒருத்தி:

சகோ, நீங்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73-ல் பிறந்த 1,037 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள், 13 வயதிலும் 38 வயதிலும் ஐக்யூ, அதாவது அறிவுத்திறன் அளவு, எடுத்தார்கள். பதின்வயதில் தொடங்கிப் பல வருஷம் விடாதவர்களுக்குச் சராசரியாக 8 புள்ளி வரை இறங்கியிருந்தது, வயது வந்தபின் தொடங்கியவர்களிடம் அந்த இறக்கம் தெரியவில்லை. இது 2012-ல் வந்தது. 2016-ல் அமெரிக்காவில் இரட்டையர்களை வைத்துப் பார்த்தபோது, புகைத்தவருக்கும் புகைக்காத கூடப்பிறந்தவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, குடும்பச் சூழலும் காரணமாக இருக்கலாம் என்றார்கள். ஆக ஐக்யூ சண்டை முடியவில்லை. ஆனால் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று யார் அளந்தது? அளந்து பார்க்க இன்னொரு நீங்கள் இல்லையே.

நான் நேரில் பார்ப்பது இதுதான்: 'கவனமே இல்லை, சோம்பேறி' என்று பள்ளிக்கூடம் அனுப்பி வைக்கும் பையன்களிடம் ஒரு கதையைச் சொல்லி இருபது நிமிஷம் கழித்துத் திருப்பிக் கேட்டால் பாதிக் கதை வராது. இவர்களைத் திட்டி என்ன பயன்? மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை கட்டி முடிவதில்லை, சென்ட்ரிங் பிரிக்காத தளத்தில் லோடு ஏற்றினால் கொத்தனாரே சத்தம் போடுவார். நல்ல செய்தியும் உண்டு. பாஸ்டனில் 16 முதல் 25 வயது வரை 88 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2018-ல் வந்தது, ஒரு மாதம் நிறுத்தியவர்களுக்குப் புதிதாகக் கற்றதை நினைவில் வைக்கும் திறன் கூடியது, அதிலும் பெரும்பகுதி முதல் வாரத்திலேயே. கவனம் மட்டும் அந்த ஒரு மாதத்தில் மேம்படவில்லை. வீட்டில் யாராவது இந்தப் பழக்கத்தில் இருந்தால் 14446 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் பேசலாம்.

மல்லிகா அம்மா:

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் மகனுக்குப் பதினேழு. ஆறு மாதம் எங்களுக்குத் தெரியாது. சட்டையில் வாடை வந்தது, ஊதுபத்தி என்றான், நானும் நம்பினேன். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பான், ஒரே நாளில் மூன்று தடவை "அப்பா எப்ப வருவார்?" என்பான். கண்ணு பட்டுவிட்டது என்று மந்திரித்து முடிகயிறு கூடக் கட்டினோம். அப்புறம்தான் டாக்டர். அவனை எதிரில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை திட்டாமல் பேசினார், எனக்குத்தான் அழுகை.

நிறுத்தி எட்டு வாரம் ஆகிறது. நடுவில் ஒரு தடவை சறுக்கினான், அவனே வந்து சொன்னான். மேலே அந்தத் தங்கை எழுதிய மாதிரி பாடத்தில் உட்கார வைப்பது இன்னும் கஷ்டம், பத்து நிமிஷத்தில் எழுந்துவிடுகிறான். டாக்டர் சொன்னபடி தினமும் ராத்திரி, மதியம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறேன். முதலில் "சோறு" என்பதோடு சரி. நேற்று ரசம், வாழைக்காய் வறுவல், வறுவலில் உப்பு கம்மி என்றான்.