‘விடிலி’க்கு அடிக்குறிப்பு போட வேண்டுமா?

கேள்வி (திசையன்விளையிலிருந்து)

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். பனையேறிக் குடும்பம் ஒன்றைப் பற்றிய நாவலை மூன்று ஆண்டுகள் எழுதி முடித்திருக்கிறேன். கைப்பிரதியைப் படித்த பதிப்பகத்தார், ‘விடிலி’ (கருப்பட்டி காய்ச்சும் குடிசை), ‘அருவாப்பெட்டி’ (பனையேறி அரிவாள் வைக்கும் பெட்டி) போன்ற சொற்கள் வெளியூர் வாசகருக்குப் புரியாது என்றும், அவற்றைப் பொதுத்தமிழுக்கு மாற்ற வேண்டும் அல்லது பக்கந்தோறும் அடிக்குறிப்பு தர வேண்டும் என்றும் சொல்கிறார்கள். கூடவே, அச்சுச் செலவை நானே ஏற்க வேண்டும், எல்லா உரிமைகளும் அவர்களுக்கே என்று ஓர் ஒப்பந்தமும் வந்திருக்கிறது. எதில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம்? அவர்கள் சுழித்துக் காட்டிய வரி இது: “விடிலியில் அம்மை பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.”

மறுமொழி (பாளையங்கோட்டையிலிருந்து)

புரியாது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. கரிசல் பேச்சை எழுதிய கி. ராஜநாராயணனுக்கு 1991இலும், தேங்காய்ப்பட்டினத்துப் பேச்சை எழுதிய தோப்பில் முகமது மீரானுக்கு 1997இலும் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. அவர்களை வாசித்தவர்கள் எல்லாரும் கி.ரா.வின் இடைசெவலுக்கோ மீரானின் தேங்காய்ப்பட்டினத்துக்கோ போய் வந்தவர்கள் அல்லர். ஆனால் உங்கள் வரியில் குறை இருக்கிறது. அது சொல்லில் இல்லை, காட்சியில் இருக்கிறது. தாச்சியில் பதநீர் பொங்கி வரும்போது அம்மை ஓர் ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுவதும், நுரை அடங்குவதும், ஓலைக்கூரையின் இடுக்கு வழியே புகை கசிவதும் வந்துவிட்டால், விடிலி என்பது கருப்பட்டி காய்ச்சும் குடிசை என்று யாரும் வாசகருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பேச்சுமொழியில்தான் அதிகக் கவனம் வேண்டும். “அவிய வந்திருக்காவ” என்று ஒரு கிழவி சொன்னாலே ஊர் தெரிந்துவிடும். வரிக்கு வரி ‘ஏலே’ என்று திணித்தால் அது சினிமாத் திருநெல்வேலியாகிவிடும். செம்மணல் தேரிக்காட்டுப் பேச்சும் தாமிரபரணிக் கரைப் பேச்சும் ஒன்றல்ல. வீட்டுக்கு வீடு, சாதிக்குச் சாதிகூட வேறுபடும். ‘சொல்லுதான்’ என்று பேசும் பாத்திரம் அடுத்த அத்தியாயத்தில் ‘சொல்றான்’ என்று பேசினால் வாசகர் உங்களை நம்பமாட்டார். உரையாடல்களை மட்டும் தனியே எடுத்து உரக்க வாசித்துப் பாருங்கள்.

மறுமொழி (அம்பாசமுத்திரத்திலிருந்து)

அண்ணாச்சி மொழியைப் பற்றிச் சொல்லிவிட்டதால் நான் ஒப்பந்தத்தை மட்டும் சொல்கிறேன். என் முதல் தொகுப்புக்கு இப்படித்தான் படிக்காமல் கையெழுத்திட்டேன். பிரதிகள் தீர்ந்தபின் மறுபதிப்பும் வரவில்லை, வேறிடத்தில் கொடுக்கவும் முடியவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். ‘காலவரையின்றி’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் இந்தப் பாதுகாப்பை நம்பியிருக்க முடியாது. உங்கள் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும் உரிமையை, உங்கள் பணத்திலேயே அச்சிடுபவருக்கு ஏன் முழுதாகக் கொடுக்க வேண்டும்? அச்சுநூல் உரிமையை மட்டும், 3 ஆண்டுகளுக்குக் கொடுங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகள் உங்களிடமே இருக்கட்டும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. மூன்றாண்டு என்று திருத்தி அனுப்பினேன்; இன்னும் பதில் இல்லை. விடிலிக் காட்சியை நேற்று திரும்ப எழுதினேன், ஆமணக்கு முத்தோடு. அடிக்குறிப்பு தேவைப்படவில்லை. ஆனால் பனையேறும்போது உதவும் ‘முருக்குத்தடி’ கதையில் ஒரே இடத்தில்தான் வருகிறது. அதையும் விளக்காமல் விடலாமா?

மறுமொழி (பாளையங்கோட்டையிலிருந்து)

பனையேறி அந்தத் தடியை மரத்தில் சாய்த்து வைப்பதை எழுதிவிட்டால் போதும். அடிக்குறிப்பு வேண்டாம்.