உதவி: குட்டை ஹைப்ரிட் கஞ்சாச் செடி ஒரு சாணோடு நின்றுவிட்டது

பால்கனிச்செடி:
அவசரம். செடி ஒரு சாணுக்கு மேல் வளரவில்லை. இலைகள் எல்லாம் தொங்குகின்றன, அடியில் இரண்டு இலை மஞ்சளாகிவிட்டது. இப்போது கணுக்களில் வெள்ளை மயிர் மாதிரி ஏதோ வருகிறது. பூஞ்சணமா? வெட்டி எறியவா? இன்றைக்கே ஏதாவது செய்தாக வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தோட்டக்காரி:
எந்த ஊர்? வீட்டுக்குள்ளா வெளியிலா? சாடி எவ்வளவு பெரியது, என்ன மண், எப்போதெல்லாம் தண்ணீர் விடுகிறீர்கள்? ஒரு படமும் போடுங்கள். ஊதா லைட் என்றால் அதை அணைத்துவிட்டுச் சாதாரண வெளிச்சத்தில் எடுங்கள். ஊதாவில் மஞ்சள் எது பச்சை எது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

மண்புழு:
பி.எச். (அமில-கார அளவு) தான், வேறொன்றும் இல்லை. மண்ணில் 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் மெல்ல மெல்ல ஏறிவிடும், அப்புறம் எவ்வளவு உரம் போட்டாலும் வேர் எடுக்காது. முதலில் ஒரு மீட்டர் வாங்குங்கள்.

எப்சம்:
அடி இலை மஞ்சள் என்றால் மக்னீசியம். ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் எப்சம் உப்பு கரைத்து விடுங்கள்.

தோட்டக்காரி:
மக்னீசியம் குறைந்தால் நரம்பு பச்சையாக நிற்கும், நடுவில் மட்டும் வெளுக்கும். இவர் முழு இலையும் மஞ்சள் என்கிறாரா, நரம்புக்கு நடுவிலா என்றே தெரியவில்லை. அதற்குள் உப்புப் போடச் சொல்லாதீர்கள்.

பழையகை:
மூன்று பேர் வைத்தியம் பார்க்கிறீர்கள், நோயாளி யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. தம்பி, விதைப் பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது? அதைச் சொல்லாமல் வெள்ளை மயிர், மஞ்சள் இலை என்று எழுதுவதில் பயனில்லை. இந்தக் குழுவில் முதலில் ஒட்டி வைத்திருக்கும் பதிவே இதற்காகத்தான்.

பால்கனிச்செடி:
கனடாவில், ஒன்ராறியோவின் ஸ்கார்பரோ. வீட்டுக்குள்தான், எல்.இ.டி. லைட் 18 மணி நேரம். லைசென்ஸ் உள்ள கடையில் வாங்கிய விதை. ஹைப்ரிட், குட்டையாக வரும், ஆட்டோ என்று போட்டிருந்தது. முதலில் கப்பில் முளைக்க வைத்து, நன்றாக வளர்ந்த பிறகு 5 கேலன் சாடிக்கு மாற்றினேன். தினமும் காலையில் தண்ணீர் விடுகிறேன். படம் பிறகு போடுகிறேன்.

பழையகை:
ஆட்டோ, அதாவது தானாகவே பூக்கும் ரகம்! முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டிய சொல் அது.

இனி கவனமாகப் படியுங்கள். அந்த வெள்ளை மயிர் பூஞ்சணம் இல்லை, பெண் பூவின் சூலகமுடி. செடி பூக்கத் தொடங்கிவிட்டது. சாதாரணக் கஞ்சாச் செடி இரவு நீண்டால்தான் பூக்கும், வீட்டுக்குள் அதற்கு 12 மணி நேர இருட்டுக் கொடுப்பார்கள். ஆட்டோவில் ருடெராலிஸ் இரத்தம் இருக்கிறது. 1924-இல் யானிஷெவ்ஸ்கி என்ற ரஷ்யத் தாவரவியலாளர் விவரித்த காட்டுச் செடி அது. அது வளரும் இடத்தில் கோடை குறுகியது, அதனால் பகலின் நீளத்தைப் பார்க்காமல் வயதைப் பார்த்துப் பூக்கும் குணம் அதற்கு வந்தது. முளைத்து மூன்று முதல் ஐந்து வாரத்தில் பூ வந்துவிடும், நீங்கள் என்ன செய்தாலும் அது காத்திருக்காது.

அதனால்தான் கப்பில் வளர்த்து மாற்றுவது ஆட்டோவுக்கு ஆகாது. வேர் அதிர்ந்து சில நாள் வளர்ச்சி நின்றால் சாதாரணச் செடி பிறகு ஈடுகட்டிவிடும். ஆட்டோவுக்கு அந்த நாட்கள் திரும்பி வராது, அதே உயரத்தில் பூவுக்குப் போய்விடும். அடுத்த விதையை நேரடியாகக் கடைசிச் சாடியிலேயே போடுங்கள்.

தோட்டக்காரி:
தொங்குவதற்குக் காரணம் தண்ணீர்தான் என்று நினைக்கிறேன். சின்ன வேர், பெரிய சாடி, தினமும் ஊற்றினால் அடி மண் காயவே காயாது. வேருக்குக் காற்றில்லை. இலை சோர்ந்து துணி மாதிரி இல்லாமல் தடித்து வளைந்து தொங்குகிறதா பாருங்கள், அப்படியென்றால் நிச்சயம். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். சாடியைத் தூக்கி எடை பார்ப்பது இன்னும் நல்லது. லைட்டை 12 மணி நேரமாகக் குறைக்க வேண்டாம், 18-லேயே இருக்கட்டும்.

மண்புழு:
சரி, ஆனாலும் பி.எச். பார்ப்பதில் நஷ்டமில்லை.

எப்சம்:
குட்டையாக இருக்கிறதே, இது இண்டிகா என்ற கஞ்சா வகையாக இருக்கும். இண்டிகா என்றாலே குட்டை, அகல இலை.

பழையகை:
லமார்க் 1785-இல் இண்டிகா என்று பெயர் வைத்தது இந்தியாவிலிருந்து வந்த செடிக்கு. இன்று கடையில் விற்பதெல்லாம் பல தலைமுறை கலந்தவை. பெயரை வைத்து உயரம் சொல்ல முடியாது.

எப்சம்:
நான் வளர்த்தவை எல்லாம் அப்படித்தான் இருந்தன.

கோவைவாசகன்:
வணக்கம் அண்ணா, இந்தக் குட்டை ரகம் மாடியில் ஒரு தொட்டியில் வைக்க வசதியாகத் தெரிகிறது. யாராவது நாலு விதை அனுப்ப முடியுமா?

தோட்டக்காரி:
தம்பி, வேண்டாம். இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி உரிமம் இல்லாமல் கஞ்சாச் செடி வளர்த்தாலே பத்து வருடம் வரை கடுங்காவல். ஒரு தொட்டி, பத்து தொட்டி என்ற கணக்கெல்லாம் கிடையாது. இங்கே கனடாவிலிருந்து விதை அனுப்புவதும் குற்றம்.

மொன்றியல்காரன்:
கனடாவிலும் எல்லா இடமும் ஒன்றில்லை. 2018 அக்டோபர் 17 முதல் வீட்டுக்கு நாலு செடி என்று மத்தியச் சட்டம் சொன்னாலும் கியூபெக்கில் ஒன்றுகூட வளர்க்க முடியாது. அந்தத் தடை செல்லும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஒன்ராறியோவில் இருப்பவர்கள் இதை எங்களுக்கும் சேர்த்து எழுதுவதை நிறுத்துங்கள்.

ஜெர்மனித்தம்பி:
இங்கே 2024 ஏப்ரல் முதல் ஆளுக்கு மூன்று செடி.

எப்சம்:
அங்கே ஆளுக்கு, இங்கே வீட்டுக்கு. கணவனும் மனைவியும் இருந்தால் ஜெர்மனியில் ஆறு. அதுதான் நியாயம்.

மொன்றியல்காரன்:
பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஆறு செடியா? நாலே அதிகம். என் வீட்டில் சட்டம் அனுமதித்தாலும் வைக்க மாட்டேன்.

எப்சம்:
வைக்காதீர்கள், யார் வற்புறுத்தினார்கள்? ஆனால் பூட்டிய அறையில் வைப்பவரைக் குறை சொல்லாதீர்கள்.

தோட்டக்காரி:
இருவரும் தனி இழை தொடங்குங்கள். பால்கனிச்செடி, உங்களிடம் ஒரு கேள்வி: வீடு வாடகையா? ஒப்பந்தத்திலோ காண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு) விதியிலோ தடை இருந்தால் நாலு செடி உரிமை உதவாது, முதலில் அதைப் பாருங்கள்.

பால்கனிச்செடி:
தண்ணீரைக் குறைத்தேன், இலை நிமிர்ந்துவிட்டது. உயரம் அப்படியேதான். பூ வருகிறது. நன்றி எல்லோருக்கும்.

தோட்டக்காரி:
சந்தோஷம். குட்டை ரகத்தில் கணுக்கள் நெருக்கம், பூ ஒன்றோடொன்று ஒட்டி வரும். உள்ளே ஈரம் தங்கினால் சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும், அது வெளியே தெரியும்போது உள்ளே அழுகியிருக்கும். சின்ன மின்விசிறி ஒன்று ஓடுகிறதா? அறையில் ஈரப்பதம் எவ்வளவு?